தோல் தந்த தொண்டும் மலையகத் தப்பும்

அறுபத்துமூன்று நாயன்மார்களுள் ஒருவர் திருநாளைப்போவார் என்னும் நந்தனார். சோழநாட்டு ஆதனூரிலே பிறந்த அவர் செய்த தொண்டு யாது? சிவாலயங்களில் முழங்கும் பேரிகை முதலிய கருவிகளுக்குப் போர்வைத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்து வந்தமையாகும். தோல் உள்ளே சென்றது. தோல் தந்தவரோ குலத்தின் பெயரால் வாயிலுக்கு வெளியே நின்றார். திருப்புன்கூரிலே நந்தியை விலகச் செய்து இறைவன் அவருக்குக் காட்சி கொடுத்ததை 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் பாடியருளினார்.

மலையகத் தோட்டங்களின் தப்பும் அத்தகைய தோற்கருவியே. 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து வந்த மக்களோடு வந்த பறை இதுவாகும். விடியற்காலையில் பிரட்டுக்கு ஆள் அழைத்ததும், மாசி மாதக் காமன் கூத்தை நடத்தியதும், மாரியம்மன் கரகத்துக்கு முன் சென்றதும், லயத்தில் ஒருவர் இறந்தால் செய்தி சொன்னதும் தப்பேயாகும்.

இதனைச் செய்யும் முறையை இளையோர் அறிதல் நன்று. முதலாவது சட்டம். வளைவாகச் செதுக்கிய மூன்று மரத்துண்டுகளை இரும்புத் தகட்டால் பொருத்தி வட்டமாக்குவர். இரண்டாவது தோல். கன்று அல்லது ஆட்டின் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரையும் ஒட்டிய கொழுப்பையும் சுரண்டி, நன்கு கழுவுவர். மூன்றாவது பசை. புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, அரைத்துக் காய்ச்சிய பசையைச் சட்டத்தில் தடவி, ஈரத்தோலைப் போர்த்தி இழுத்துக் கட்டிக் காயவிடுவர். காயும்போது தோல் சுருங்கி இறுகுகிறது. நீண்டு மெலிந்த மூங்கிற் குச்சி ஒன்று, குட்டையாய்த் தடித்த குச்சி ஒன்று என இரண்டினால் அடிப்பர்.

ஹற்றன், நுவரெலியா பகுதிகளின் மழையிலும் பனியிலும் தோல் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்து, ஒலி மந்தமாகும். அதனாலேயே அடிக்குமுன் தீயில் காய்ச்சுகின்றனர். பிளாஸ்டிக் முகப்புக்கு இந்தச் சிரமம் இல்லை. ஆயினும் தோலின் நாதம் அதில் வருவதில்லை.

இன்று இத்தொழில் அறிந்தோர் குறைந்து வருகின்றனர். தோல் கிடையாமை மட்டும் இதற்குக் காரணமன்று. தப்பின் ஒலி இல்லாமல் திருவிழா தொடங்காது என்றிருந்த இடங்களிலும், அடித்தவர் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டதுண்டு. தகப்பன் பட்ட அவமானத்தைக் கண்ட பிள்ளை அக்குச்சியைக் கையில் எடுப்பானா?

ஆகவே கலையைக் காப்பது கலைஞரை மதிப்பதிலேயே தொடங்குகிறது. திருவிழா நிறைவில் உபயகாரருக்குக் காளாஞ்சி கொடுக்கும்போது, தப்புச் செய்தவரையும் அடித்தவரையும் சந்நிதிக்கு அழைத்து அதே மரியாதையைக் கொடுத்தல் வேண்டும். விடுமுறை நாட்களில் ஆலய மண்டபத்திலே எல்லா லயத்துப் பிள்ளைகளுக்கும் அவர் கற்பிக்க வழி செய்தலும் வேண்டும். நந்தனாருக்காக நந்தியே விலகியது. அடியார்களின் மனத்தடை விலகுவது அரிதாகுமோ?

அம்பாள் அருள் புரிவாளாக!