நிறத்தில் குறை இல்லை

வகுப்பின் குழுப்படம் கைக்கு வந்தவுடன் ஒவ்வொருவரும் முதலில் தம் முகத்தையே தேடுவர். அடுத்த நொடியில், அருகில் நிற்பவரின் நிறத்தோடு தம் நிறத்தை ஒப்பிடத் தொடங்குவர். தாராவி, மாதுங்கா, செம்பூர் போன்ற பகுதிகளில் வளரும் தமிழ்ச் சிறுவர் சிலர், ‘கறுப்பு’ என்னும் கேலியால் மனம் வாடுவதும் உண்டு.

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. அதனை உண்டாக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கை எல்லா மனிதரிடத்தும் ஏறத்தாழ ஒன்றே. அவை உண்டாக்கும் நிறமியின் அளவும் வகையுமே வேறுபடுகின்றன. வெயில் மிகுந்த நிலங்களில் பல தலைமுறைகள் வாழ்ந்த முன்னோரின் தோலில் இந்நிறமி மிகுந்திருந்தது. கடும் வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து அது அவர்களைக் காத்தது. கருமை, இயற்கை விரித்த குடை.

ஆயினும், ‘சிவப்பே அழகு’ என்று விளம்பரங்கள் நெடுங்காலம் கற்பித்தன. ‘ஃபேர் அண்டு லவ்லி’ என்னும் முகக் கிரீம் 1975இல் விற்பனைக்கு வந்தது. வெளுப்பையும் அழகையும் அதன் பெயரே இணைத்தது. இப்போக்கை எதிர்த்து 2009இல் சென்னையில் ‘கருமை அழகு’ என்னும் பொருள்படும் இயக்கம் தோன்றியது. எதிர்ப்பு வலுக்கவே, மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட அந்நிறுவனம் 2020இல் ‘ஃபேர்’ என்னும் சொல்லை நீக்கியது.

கிரீமின் பெயர் மாறிவிட்டது. குழுப்படத்தைப் பார்க்கும் கண்களும் மாற வேண்டும்.

அருஞ்சொற்பொருள்
நிறமி – நிறம் தரும் பொருள்
உயிரணு – உடலின் மிகச் சிறிய உயிருள்ள அலகு

விடை தருக
1. மெலனின் தோலை எதிலிருந்து காக்கிறது?
2. நிறத்தைக் கேலி செய்யும் நண்பனிடம் நீ என்ன கூறுவாய்?