கருப்பட்டியும் நம் அடுப்படியும்

உணவின்றி உயிரில்லை என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும் நாள்தோறும் நாம் உண்ணும் உணவு எங்கே விளைந்தது, யாருடைய கையால் உருவாயிற்று, எத்தனை பேருடைய வியர்வை அதில் கலந்துள்ளது என்று எண்ணிப் பார்ப்பவர் நம்முள் எத்தனை பேர்? கடையிலிருந்து வரும் பொட்டலத்தைப் பிரிக்கிறோம், கொட்டுகிறோம், உண்கிறோம். அத்துடன் நம் வேலை முடிந்துவிடுகிறது.

வீட்டில் நாமே சமைக்கத் தொடங்கினால் இந்நிலை மாறும். கையில் எடுக்கும் பொருளை உற்று நோக்குவோம், முகர்ந்து பார்ப்போம், நல்லது எது, கலப்படம் எது என்று கேட்கத் தொடங்குவோம். அப்போது நம் ஊரைச் சுற்றியே கைத்திறனால் உருவாகும் அரிய உணவுப் பொருள்கள் பல இருப்பதைக் காண்போம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019ஆம் ஆண்டிலும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020ஆம் ஆண்டிலும், மணப்பாறை முறுக்கு 2023ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு பெற்றன. ஓர் ஊரின் மண்ணும் நீரும் மக்களின் கைப்பழக்கமும் சேர்ந்து உருவாக்கிய பொருளின் பெயரை வேற்றூரார் எடுத்தாளாதபடி காப்பதே அக்குறியீட்டின் நோக்கம். உடன்குடிப் பனங்கருப்பட்டியும் அச்சிறப்பைப் பெற்ற பொருளே. அக்கருப்பட்டியையே இக்கட்டுரையில் நம் பாடமாகக் கொள்வோம்.

மரத்தின் உச்சியில்

பனை தமிழகத்தின் மாநில மரம். தூத்துக்குடி, திருநெல்வேலி, இராமநாதபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களின் செம்மண் தேரிகளிலும் மணற்காடுகளிலும், நீர் ஊற்றுவாரின்றி, உரம் இடுவாரின்றித் தானே வளர்ந்து நிற்கும். பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. இரண்டின் பாளைகளிலிருந்தும் பதநீர் இறக்கலாம்.

பாளை வெளிவரும் காலத்தில் பனையேறி மரத்தின்மேல் ஏறி, மரக் கடிப்பினால் பாளையை மெல்ல இடுக்கிப் பதப்படுத்துவார். பிறகு கூரிய அரிவாளால் அதன் நுனியை மெல்லிய சீவலாகச் சீவி, அடியில் மண் கலயத்தைக் கட்டிவிடுவார். சொட்டுச் சொட்டாக இனிய நீர் வடியும். நாள்தோறும் நுனியைப் புதிதாகச் சீவாவிட்டால் வெட்டுவாய் காய்ந்து, வடிவது நின்றுவிடும். அதனால் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என மரம் ஏறியே ஆக வேண்டும். பதநீர்க் காலம் முழுவதும் அவருக்கு விடுமுறை கிடையாது.

நாம் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 30 மரங்கள் ஏறுகிறார் என்றும், மரம் ஒன்றின் உயரம் 15 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். நாளைக்கு இரு முறை ஏறினால் மொத்தம் 900 மீட்டர். நீலகிரியின் தொட்டபெட்டாச் சிகரம் 2,637 மீட்டர் உயரம் உடையது. ஆக, மூன்றே நாளில் அவர் அச்சிகரத்தின் உயரத்திற்கும் மேல் ஏறிவிடுகிறார்! அதுவும் காலில் ஒரு தளைநாரும், இடுப்பில் ஓர் அரிவாள் பெட்டியும் மட்டுமே துணையாக.

கலயத்தைக் கட்டுமுன் அதன் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசுவார்கள். இதன் காரணம் வேதியியல் பயிலும் மாணவியர் அறிய வேண்டியது. பாளையிலிருந்து வடியும் நீரில் சர்க்கரை மிகுதி. காற்றில் உள்ள ஈஸ்ட் நுண்ணுயிரிகள் அதில் சேர்ந்தால், சில மணி நேரத்திற்குள் அது புளித்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பின் காரத்தன்மை அந்நுண்ணுயிரிகளை அடக்கிச் சர்க்கரையைக் காக்கிறது. கள்ளுக்கும் பதநீருக்கும் இடையே உள்ளது ஒரு விரல் சுண்ணாம்பே.

பெண்களின் கைவண்ணம்

மரத்தின் உச்சியில் ஆணின் உழைப்பு என்றால், மரத்தின் நிழலில் பெண்ணின் உழைப்பு தொடங்குகிறது. இறக்கிய பதநீரை வடிகட்டி, அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, காய்ந்த பனையோலையும் விறகும் இட்டு எரித்துக் காய்ச்சுபவர்கள் பெரும்பாலும் பெண்களே.

பதநீர் பொங்கி நுரைத்து வெளியே வழியாமல் இருக்க, ஆமணக்கு முத்தைச் சிறிது நசுக்கிப் போடுவார்கள். அதிலுள்ள எண்ணெய் நுரையை அடக்கிவிடும். இரண்டு மூன்று மணி நேரம் இடைவிடாமல் கிண்டிக் காய்ச்சக் காய்ச்ச, நீர் வற்றிக் குழம்பாகும். இதற்குக் கூப்பனி என்று பெயர். அதில் ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். உருண்டையாகத் திரண்டால் பதம் வந்துவிட்டது. இறக்கிக் கிண்டி, நீர் தெளித்த தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றி ஆறவிட்டால் கருப்பட்டி அரைவட்டமாக எழுந்து வரும். பதம் முந்தினால் கட்டியாகாது. பிந்தினால் கருகிக் கசக்கும். அந்தப் பதத்தை எந்தக் கருவியும் சொல்வதில்லை. கண்ணும் மூக்கும் விரலுமே சொல்கின்றன.

பத்து லிட்டர் பதநீரைக் காய்ச்சினால் கிடைப்பது ஏறக்குறைய ஒரு கிலோ கருப்பட்டிதான். இவ்வளவு உழைப்புக்குப் பின் கிடைக்கும் பொருள் சீனியை விடப் பன்மடங்கு விலை கூடுதலாக இருப்பதில் வியப்பென்ன?

குமரப்பா கண்ட உண்மை

தஞ்சாவூரில் 1892ஆம் ஆண்டு பிறந்தவர் ஜே.சி. குமரப்பா. கிறிஸ்தவக் குடும்பத்தில் தோன்றி, இலண்டனில் கணக்கியலும் அமெரிக்காவில் பொருளாதாரமும் பயின்ற இவர், காந்தியடிகளைக் கண்டபின் தம் வாழ்வைக் கிராமங்களுக்கே ஈந்தார். 1934ஆம் ஆண்டு தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளராகப் பணியாற்றினார். தம் இறுதி நாள்களை மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் கழித்தார்.

அவர் வற்புறுத்திய கருத்துகளுள் ஒன்று நம் பாடத்தோடு தொடர்புடையது. கரும்புக்கு நல்ல நிலமும் மிகுந்த நீரும் வேண்டும். அந்நிலத்தில் உணவுத் தானியம் விளைவிக்கலாம். பனையோ வேறு எதுவும் விளையாத வறண்ட நிலத்தில் தானே நின்று இனிப்பைத் தருகிறது. அப்படியிருக்க, ஏழை நாடு எதைப் போற்ற வேண்டும் என்று அவர் கேட்டார். நீர்ப் பற்றாக்குறையை ஆண்டுதோறும் காணும் நமக்கு அக்கேள்வி இன்றும் பொருந்துகிறது அன்றோ?

போலியும் உண்மையும்

விலை கூடிய பொருள் எங்கு உண்டோ அங்குப் போலியும் உண்டு. சீனியை வாங்கிக் கூப்பனியோடு சேர்த்துக் காய்ச்சிக் கருப்பட்டி என்று விற்போர் பலர். இதனால் ஏமாறுவது வாங்குவோர் மட்டுமல்லர். கலப்படமின்றிக் காய்ச்சும் குடும்பம் அந்தக் குறைந்த விலையோடு போட்டியிட இயலாமல் அடுப்பை அணைத்துவிடுகிறது.

பழக்கமுள்ள இல்லத்தரசிகள் கருப்பட்டியை உடைத்துப் பார்ப்பார்கள். உட்புறம் மங்கலான கரும்பழுப்பாக இருந்தால் நம்பிக்கை கொள்வார்கள். வெட்டுவாயில் சீனிக் கற்கள் போல் மினுமினுத்தால் ஐயுறுவார்கள். நாவில் இட்டால் வெறும் இனிப்பாக நில்லாமல், சற்றே கரிப்பும் புகைமணமும் தோன்ற வேண்டும். இவை ஆய்வுக்கூடச் சோதனைகள் அல்ல. பழக்கத்தால் வரும் அறிவு. அவ்வறிவு சமைக்கும் வீட்டில்தான் வளரும். கருப்பட்டியின் சுவையே அறியாத வீட்டில் எதைக் கொடுத்தாலும் செல்லும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். கருப்பட்டி மருந்து என்று சிலர் மிகைபடப் பேசுவர். அதில் தாது உப்புகள் சிறிதளவு உண்டு என்பது உண்மையே. ஆயினும் அதுவும் பெரும்பாலும் சர்க்கரைதான். நீரிழிவு உள்ளோர் மருத்துவரைக் கேளாமல் உண்ணலாகாது. உண்மைப் பொருளைப் போற்றும் நாம் அதைப் பற்றியும் உண்மையே பேச வேண்டும்.

செய்து பார்ப்போம்: உளுந்தங்களி

தென்மாவட்டத்து வீடுகளில் பெண்பிள்ளைகளுக்கென்றே கிண்டிக் கொடுக்கும் உணவு இது. வயது வந்த பெண்ணின் இடுப்புக்கு வலுவூட்டும் என்று பாட்டிமார் சொல்வார்கள்.

தேவையானவை: உளுத்தம்பருப்பு முக்கால் டம்ளர், பச்சரிசி கால் டம்ளர், தட்டிய கருப்பட்டி ஒன்றேகால் டம்ளர், நல்லெண்ணெய் கால் டம்ளர், தண்ணீர் மூன்று டம்ளர், ஏலக்காய் இரண்டு.

செய்முறை: உளுந்தையும் அரிசியையும் தனித்தனியே வாசம் வரும்வரை வறுத்து, ஆறியபின் மாவாக்கிச் சலித்துக்கொள்ளவும். கருப்பட்டியைத் தண்ணீரில் இட்டுக் கரைய வைத்து, மெல்லிய துணியில் வடிகட்டவும். மண்ணும் தூசியும் அடியில் தங்கும். வடிகட்டாமல் விட்டால் பல்லில் நறநறக்கும். ஆறிய பாகில் மாவைக் கட்டியின்றிக் கரைத்து, அடிகனத்த பாத்திரத்தில் ஊற்றி, சிறுதீயில் வைத்துக் கைவிடாமல் கிண்டவும். இறுகி வரும்போது நல்லெண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றவும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டாமல், பாத்திரத்தைவிட்டுச் சுருண்டு வரும்போது ஏலக்காய்ப் பொடி தூவி இறக்கவும். தட்டில் வைத்து, நடுவில் குழித்து, இன்னும் சிறிது நல்லெண்ணெய் விட்டு உண்ணலாம்.

கிண்டக் கிண்டத் தோள் வலிக்கும். அப்போது அண்ணன் தம்பியரையும் அழைத்துக் கரண்டியைக் கொடுக்கலாம். உண்ண வருவோர் கிண்டவும் வரட்டுமே! அந்த வலி சற்று உறைக்கும்போது, மூன்று மணி நேரம் பதநீர் கிண்டும் தாயின் நினைவும் நமக்கு வரும்.

நாம் செய்யத்தக்கது

பனையேறும் குடும்பத்துப் பிள்ளைகளுள் பலர் இன்று அத்தொழிலுக்கு வருவதில்லை. மரத்திலிருந்து விழுந்து கால் முடமானவர்களையும் உயிர் இழந்தவர்களையும் அவர்கள் கண்டிருக்கிறார்கள். அவர்கள் படித்து வேறு வேலை தேடுவதைத் தவறு என்று நாம் சொல்லலாமா? கூடாது. நாம் இனிப்பு உண்பதற்காக அவர்கள் படிப்பைத் துறக்க வேண்டும் என்பது நியாயம் ஆகாது.

ஆனால் தொழிலைத் தொடர விரும்புவோருக்கு உரிய விலையும் பாதுகாப்பும் கிடைக்க வேண்டும் என்று நாம் விரும்பலாம், விரும்ப வேண்டும். 2021ஆம் ஆண்டுத் தமிழக வேளாண் நிதிநிலை அறிக்கையில், 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் வழங்கப்படும் என்றும், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்றும் அறிவிக்கப்பட்டது. மரத்தைக் காக்க அரசு முனையலாம். ஆனால் அம்மரத்தின் பயனைச் சமைத்து உண்ணும் பழக்கத்தை எந்த ஆணையாலும் காக்க முடியாது. அது நம் அடுப்படியின் பொறுப்பு. இன்று விதைத்த பனை பயன் தரப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். அது பாளை விடும்போது, கருப்பட்டியை அறிந்து கேட்டு வாங்கும் கைகள் இருக்க வேண்டாமா?

ஆகவே தோழியரே, வரும் விடுமுறையில் நாம் மூன்று செயல்களைச் செய்வோம்.

1. நம் ஊருக்கு அருகே கையால் செய்யப்படும் உணவுப் பொருள் ஒன்றைக் கண்டறிவோம். கருப்பட்டியாகவும் இருக்கலாம், செக்கெண்ணெய், அப்பளம், கருவாடு, மலைத்தேன், கைமுறுக்கு என எதுவாகவும் இருக்கலாம்.

2. செய்பவரிடம் சென்று, செய்முறையைப் பணிவுடன் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதுவோம். எவ்வளவு நேரம், எத்தனை பேர், என்ன விலை என்றும் கேட்போம். பேரம் பேசாமல் சிறிதளவேனும் வாங்குவோம்.

3. அதைக் கொண்டு வீட்டில் நம் கையாலேயே ஒரு பண்டம் செய்து, பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் படைத்து, அது உருவான கதையையும் உண்ணும்போதே சொல்வோம்.

பள்ளி திறந்ததும் அக்குறிப்பேடுகளை மனையியல் வகுப்பில் ஒன்று சேர்த்தால், நம் வட்டாரத்தின் உணவுக் கைத்தொழில்களைப் பற்றிய நல்ல தொகுப்பு ஒன்று நம்மிடமே உருவாகிவிடும். அடுத்த ஆண்டு மலருக்கு அதுவே கட்டுரையாகட்டும்.