செம்மரமும் தேவாங்கும்

ஐரோலிக்குத் தெற்கேயுள்ள நவசேவாத் துறைமுகத்தில், வேறு சரக்கெனப் பெயரிட்டு வந்த பெட்டகங்களிலிருந்து செம்மரக் கட்டைகள் பலமுறை கைப்பற்றப்பட்டுள்ளன. இம்மரத்தின் இயற்கை உறைவிடம் தொலைவிலுள்ள ஆந்திரக் குன்றுகள். அவற்றுள் ஒன்றாகிய சேஷாசலத்தில் தேவாங்கும் வாழ்கிறது.

மெலிந்தவரை ஏளனம் செய்ய நாம் வழங்கும் இப்பெயருக்குரிய பிராணி, குரங்குக்கு உறவானது, வாலற்றது, எடை ஏறத்தாழ கால் கிலோ. இரவில் பூச்சிகளைத் தேடி உண்பது.

இரண்டும் பெருகுவதில் மந்தமானவை. செம்மரத்தின் வயிரம் முதிரப் பல பத்தாண்டுகள் வேண்டும். தேவாங்கு ஐந்தரை மாதம் கருச்சுமந்து, ஒன்று அல்லது இரண்டு குட்டிகளையே ஈனும். மரத்தை அதன் வயிரத்துக்காகவும், பிராணியை மூடநம்பிக்கையாலும் மனிதர் கவர்கின்றனர்.

ஆயினும் ஒப்புமை இங்கே முறிகிறது. வெட்டிய செம்மரம் அடிக்கட்டையிலிருந்து தளிர்க்கும், நாற்றங்காலிலும் வளரும். தேவாங்குக்கோ தாவத் தெரியாது. கிளையோடு கிளை தொட்டால்தான் அதற்கு வழி. ஒரு மரம் வீழ்ந்தால் அது தரையில் இறங்க நேரும். அங்கே நாயும் வாகனமும் காத்திருக்கின்றன. இடைவெளிவிட்டு நட்ட கன்றுகள் பதிவேட்டை நிரப்பலாம். அவற்றின் கிளைகள் கூடும்வரை தேவாங்குக்குப் பயனில்லை.

ஆதலின் களப் பணியாளர் மரங்களை எண்ணுவதோடு, கிளைத்தொடர் அறுந்த இடங்களையும் குறித்தல் நலம். இரவுக் கணக்கெடுப்பில் செந்நிறத் தாள் ஒட்டிய விளக்கே ஏற்றது. தேவாங்கின் கண்கள் அவ்வொளியில் தீக்கங்குபோல் மின்னும்.