புயலுக்கு முன்னால் டோல்கேட்டைத் திறக்க வைப்பது எப்படி?

புதுச்சேரி தட்டாஞ்சாவடியிலிருந்து புயலுக்காக ஊரை விட்டுக் கிளம்புகிறவர் உள்நாட்டுப் பக்கம்தான் போக வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையும் (இ.சி.ஆர்.) கடலூர் சாலையும் கடலோரம் ஓடுபவை, கணக்கில் சேராது. மிச்சம் இரண்டு பெரிய சாலைகள். ஒன்று கோரிமேடு, ஜிப்மரைத் தாண்டிப் போகும் திண்டிவனம் சாலை. அதில் மொரட்டாண்டி டோல்கேட். இன்னொன்று இந்திரா காந்தி சதுக்கத்தில் திரும்பி வில்லியனூர், மதகடிப்பட்டு வழியாகப் போகும் விழுப்புரம் சாலை. அதில் கெங்கராம்பாளையம் டோல்கேட். வழுதாவூர் சாலையில் டோல் கிடையாது என்பது உண்மைதான். ஆனால் குறுகலான சாலை; கொட்டும் மழையில், ராத்திரியில், குடும்பத்தோடு அதை நம்பிப் போகச் சொல்ல மாட்டேன்.

இந்த இரண்டு டோல்கேட்டும் புதுச்சேரிக்குள் இல்லை. இரண்டும் விழுப்புரம் மாவட்டத்தில், அதாவது தமிழ்நாட்டில் இருக்கின்றன. புதுச்சேரி கலெக்டர் நினைத்தாலும் அங்கே நேரடியாக உத்தரவு போட முடியாது. நம் பிரச்சினையின் ஆணிவேர் இதுதான். இதைப் புரிந்துகொண்டு செய்தால் வேலை நடக்கும்; புரியாமல் செய்தால் மனு மேசை மேசையாகச் சுற்றும்.

எண்பது, நூறு ரூபாய்க்காகவா இவ்வளவு பாடு என்று கேட்பவர்கள் உண்டு. பணம் இங்கே இரண்டாம்பட்சம். தடையில்லாமல் ஓடும் சாலையில் ஒரு தடத்தில் மணிக்குச் சுமார் 2,000 கார்கள் போகலாம். நின்று, பணம் கொடுத்து, ரசீது வாங்கிப் போகும் தடத்தில் சில நூறுதான் போகும். ஃபாஸ்டேக் வந்தபின் நிலைமை மேல்தான். ஆனாலும் ஒரே ஒரு காரின் டேக்கில் பேலன்ஸ் இல்லை என்றால் பின்னால் நிற்கும் அத்தனை பேரும் காத்திருக்க வேண்டும். 2017 செப்டம்பரில் இர்மா புயல் வருமுன் அமெரிக்காவின் ஃபுளோரிடா ஆளுநர் மாநிலம் முழுக்க டோலை நிறுத்தினார்; 2024 அக்டோபரில் மில்டன் புயலுக்கும் மேற்குக் கரைச் சாலைகளில் அதுவே நடந்தது. இரண்டு முறையும் உத்தரவு புயலுக்கு முன்பே வந்தது. நம் ஊரில் பெரும்பாலும் வெள்ளம் வந்தபின், நிவாரண வண்டிகளுக்காகத்தான் நிறுத்துகிறோம்.

முதல் வேலை: யாருடைய டோல்கேட் என்று பாருங்கள்

மொரட்டாண்டி, கெங்கராம்பாளையம் இரண்டும் தேசிய நெடுஞ்சாலையில் இருப்பவை. கட்டணத்தை நிர்ணயிப்பது 2008-ம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள். நிறுத்தி வைக்க வேண்டுமானால் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமோ தேசிய நெடுஞ்சாலை ஆணையமோ சொல்ல வேண்டும். இ.சி.ஆரில் சென்னைப் பக்கம் உள்ள உத்தண்டி வேறு கதை. அது தமிழ்நாடு அரசின் டி.என்.ஆர்.டி.சி. நிறுவனத்தின் கையில் இருக்கிறது, கேட்க வேண்டிய இடம் சென்னை. ஒரே மனுவில் எல்லாவற்றையும் சேர்த்து எழுதினால், எந்த அலுவலகத்துக்கும் 'இது எங்களுடையது அல்ல' என்று திருப்பி அனுப்பிவிட வசதியாகிவிடும்.

ஒவ்வொரு டோல்கேட்டுக்கும் பொறுப்பான திட்ட இயக்குநர் யார், ஒப்பந்ததாரர் யார் என்பது ஆணையத்தின் டோல் தகவல் இணையதளத்தில் இருக்கிறது. டோல்கேட் அருகில் இருக்கும் பெரிய பலகையிலும் தொடர்பு எண்களும் விலக்குப் பட்டியலும் எழுதியிருக்கும். சும்மா போகும்போது அதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இவை இரண்டு தனித்தனிக் கோரிக்கைகள்

'கட்டணத்தை ரத்து செய்' என்பது டெல்லி வரை போக வேண்டிய கோரிக்கை. 'கட்டையைத் தூக்கியே வை' என்பது மாவட்டத்திலேயே முடியக்கூடியது. 2005-ம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 34-வது பிரிவில், பாதிக்கப்படக்கூடிய பகுதிக்குள் வரும், அங்கிருந்து போகும் வண்டிப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குக் கொடுத்திருக்கிறது. அந்த ஆணையத்தின் தலைவர் கலெக்டர். நெரிசல் தீரும் வரை எல்லாத் தடங்களையும் திறந்து வைக்கச் சொல்ல விழுப்புரம் கலெக்டருக்கு இது போதுமான பிடி.

கட்டை மேலே இருக்க, ஸ்கேனர் மட்டும் டேக்கைப் படித்துப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பது இதிலுள்ள குறை. என்னைக் கேட்டால், புயல் ராத்திரியில் அது பரவாயில்லை. யாரும் நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். காசைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

மனு எப்போது, எங்கே, எப்படி?

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு முன்னேற்பாட்டுக் கூட்டங்கள் நடக்கும். ஆகவே செப்டம்பர் முதல் வாரத்துக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். தனி ஆளாகப் போவதைவிடக் குடியிருப்போர் சங்கம், தொழிற்பேட்டை உரிமையாளர்கள், ஒழுங்குமுறை விற்பனைக்கூட வியாபாரிகள் என்று மூன்று முத்திரைகள் இருந்தால் கனம் கூடும். லாரியும் மினி வேனும் வைத்திருப்பவர்கள் அவர்கள்தான்.

ஒரு பிரதி வழுதாவூர் சாலை, பேட்டையன்சத்திரம் வருவாய் வளாகத்தில் இருக்கும் நம் கலெக்டருக்கு. ஒன்று விழுப்புரம் கலெக்டருக்கு. இன்னொன்று நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்ட இயக்குநருக்கு. தொகுதி எம்.எல்.ஏ.விடமும் ஒன்று. புதுச்சேரி மாதிரி சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசத்தில் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு முதல்வரே தலைவர். இரண்டு அரசுகளும் பேச வேண்டிய விஷயம் என்பதால் அந்த வாசலையும் தட்டுவது வீண் போகாது.

மனுவின் உடல் இவ்வளவு போதும்:

'புதுச்சேரிக்கு வானிலை ஆய்வு மையம் புயல் எச்சரிக்கை விடுத்த நேரத்திலிருந்து, அந்த எச்சரிக்கை விலக்கப்பட்டு 48 மணி நேரம் வரை, மொரட்டாண்டி மற்றும் கெங்கராம்பாளையம் சுங்கச்சாவடிகளில் இரு திசையிலும் எல்லாத் தடங்களையும் திறந்து வைக்கவும், ஃபாஸ்டேக் ஸ்கேனர்களை நிறுத்தி வைக்கவும், இதற்கான உத்தரவை இரு மாவட்ட நிர்வாகங்களும் பருவமழைக்கு முன்பே கூட்டாகத் தயாரித்து வைக்கவும் கேட்டுக்கொள்கிறோம்.'

இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் உண்டு. வானிலை மையம் புயல் வரும் என்பதை 48 மணி நேரத்துக்கு முன்பு உஷார்நிலையாகவும், 24 மணி நேரத்துக்கு முன்பு எச்சரிக்கையாகவும் சொல்கிறது. ஜனங்கள் கிளம்புவது அந்த 24 மணி நேரத்தில்தான். துறைமுகத்தில் ஏற்றும் கூண்டு எண்ணை மனுவில் எழுதாதீர்கள், அது கப்பலுக்கான கணக்கு. முடிவுத் தேதியையும் போடாதீர்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைத் தொட்டபின் நகராமல் நம் தலைக்கு மேலேயே நின்றது. 24 மணி நேரத்தில் 48 செ.மீ.க்கு மேல் கொட்டியது. கிருஷ்ணா நகரில் ராணுவம் இறங்கி ஆட்களை மீட்டது. அதன்பின் தென்பெண்ணை பெருகி, அரசூர் பக்கம் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையே தண்ணீரில் நின்றது. புயல் கடந்த நாளோடு ஆபத்து முடிவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

'இரு திசையிலும்' என்பதை விட்டுவிடாதீர்கள். போகிறவர்களைவிட வருகிறவர்களுக்குத்தான் திறந்த வாசல் அதிக நாள் தேவைப்படும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது சாய்ந்த மின்கம்பங்களை நட வெளியூர் ஆட்கள்தான் வர வேண்டியிருந்தது.

'முடியாது' என்பார்கள்

முன்னுதாரணம் கேட்பார்கள். நிறையவே இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையைச் சுற்றிய தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் வசூல் நிறுத்தப்பட்டது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்திலும் அப்படியே. பணமதிப்பு நீக்கத்தின்போது 2016 நவம்பர் 9 முதல் டிசம்பர் 2 வரை நாடு முழுவதும் தேசிய நெடுஞ்சாலையில் டோல் இல்லை. கொரோனா ஊரடங்கில் 2020 மார்ச் கடைசி வாரத்திலிருந்து ஏப்ரல் 20 வரை இல்லை. ஏ.டி.எம். வரிசைக்காக மூன்று வாரம் திறந்த கட்டை, புயலுக்காக மூன்று நாள் திறக்காதா?

அடுத்தது ஒப்பந்ததாரரின் நட்டம். எதிர்பாராத பேரிடரால் வசூல் நின்றால் என்ன செய்வது என்பதற்கு ஒப்பந்தத்திலேயே தனிப் பிரிவு இருக்கும். இழப்பீடு, கால நீட்டிப்பு எல்லாம் அதன்படி நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் ஒப்பந்ததாரருக்கும் இடையிலான கணக்கு. முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் இதைச் சொல்லி அமைதியாக உட்கார்ந்துகொள்ளுங்கள்.

கிளம்பும் நாளில்

அறிவிப்பு வந்துவிட்டதா என்று 1033-ல் கேளுங்கள். அது நெடுஞ்சாலை உதவி எண். சாலையில் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்க 1077, மாவட்டக் கன்ட்ரோல் ரூம். வாட்ஸ்அப்பில் சுற்றும் 'டோல் ஃப்ரீ' செய்தியை நம்பி டேக்கைக் காலியாக வைத்துக்கொண்டு போகாதீர்கள். முந்தின நாளே ரீசார்ஜ் செய்யுங்கள், மின்சாரமும் நெட்டும் போனபின் முடியாது. டேக் இல்லாதவர் ரொக்கமாகக் கொடுத்தால் இரண்டு மடங்கு. 2025 நவம்பர் 15 முதல் யு.பி.ஐ.யில் கொடுத்தால் ஒன்றேகால் மடங்கு. பைக்குக்கும் ஆட்டோவுக்கும் கட்டணமே கிடையாது, இடது ஓரத் தடத்தில் போய்விடலாம்.

பலருக்குத் தெரியாத ஒரு விதி: உங்கள் டேக் நல்ல நிலையில் இருந்து, பேலன்ஸும் இருந்து, அங்கே இருக்கும் கருவி வேலை செய்யவில்லை என்றால் இலவசமாக விட வேண்டும். 2018 மே மாத அரசிதழ் அறிவிப்பு இது. பூஜ்யம் ரூபாய் ரசீது கேட்டு வாங்கலாம். மின்வெட்டு நேரத்தில் இது கைகொடுக்கும். மாறாக, 'வரிசை 100 மீட்டர் தாண்டினால் காசு இல்லை' என்று இன்னமும் சண்டை போடுகிறார்கள். 2021-ல் வந்த அந்த ஏற்பாடு பிறகு திரும்பப் பெறப்பட்டுவிட்டது.

ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, சீருடையில் உள்ள போலீஸ், ராணுவம், அலுவல் நிமித்தம் போகும் நிர்வாக நடுவர் ஆகியோருக்கு எப்போதும் விலக்கு உண்டு. சங்கத்தின் நிவாரண வேனுக்கு அந்தச் சலுகை தானாக வராது. தாசில்தாரிடம் வண்டி எண், டிரைவர் பெயர் போட்ட கடிதம் வாங்கி முன்கண்ணாடியில் ஒட்டுங்கள். பேசுவதற்கு அது ஒரு துருப்பு. பேசியும் விடவில்லையா, காசைக் கொடுத்துவிட்டு நகருங்கள். பின்னால் நிற்கும் காரில் கைக்குழந்தை இருக்கலாம்.

பணம் எடுத்துவிட்டார்களா?

நிறுத்தி வைத்த காலத்தில் பணம் போயிருந்தால், போனில் வந்த எஸ்.எம்.எஸ்.ஸை அழிக்காதீர்கள். வண்டி எண், டோல்கேட் பெயர், தேதி, நேரம் எல்லாம் அதில் இருக்கும். டேக் கொடுத்த வங்கியின் ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் தேர்ந்தெடுத்துப் புகார் போடுங்கள், உத்தரவின் நகலை இணையுங்கள். 1033-லும் பதிவு செய்து புகார் எண்ணை வாங்குங்கள். தாமதித்தால் வங்கி கை விரிக்கும்.

தெருக்காரர்களின் எஸ்.எம்.எஸ்.களை ஒன்றாகச் சேர்த்து ஒரே பட்டியலாக்குங்கள்: எந்த வண்டி, எந்த டோல்கேட், எத்தனை மணி. அந்தப் பட்டியலை ஜனவரியிலேயே இரண்டு கலெக்டர் அலுவலகங்களுக்கும் அனுப்பிவிட்டு, அடுத்த செப்டம்பர் மனுவோடு முதல் இணைப்பாக வையுங்கள்.