ஒரு மாத்திரை கற்பித்த பாடம்

மருத்துவக் கல்லூரியில் சேரும் மாணவர்கள் தொடக்க ஆண்டுகளில் பல அடிப்படைப் பாடங்களைக் கற்கின்றனர். கருவியலும் மருத்துவ அறநெறியும் அவற்றுள் அடங்கும். தாயின் வயிற்றில் ஓர் உயிர் எவ்வாறு உருவாகிறது என்பதைக் கருவியல் விளக்குகிறது. மருத்துவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை அறநெறி கற்பிக்கிறது. இவ்விரண்டுக்கும் என்ன தொடர்பு என்ற ஐயம் எழலாம். தாலிடோமைடு என்னும் மருந்தின் வரலாறு அந்த ஐயத்தைப் போக்கும்.

தாயின் கருமுட்டையும் தந்தையின் விந்தணுவும் இணையும்போது ஒரே ஓர் உயிரணு தோன்றுகிறது. அது இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரிந்து பெருகுகிறது. ஏறக்குறைய ஆறாம் நாளில் கருப்பையின் சுவரில் பதியத் தொடங்குகிறது. மூன்றாம் வாரத்தில் உயிரணுக்கள் மூன்று அடுக்குகளாக அமைகின்றன. புற அடுக்கிலிருந்து மூளை, நரம்புகள், மேல்தோல் ஆகியவை உருவாகின்றன. நடு அடுக்கிலிருந்து எலும்பு, தசை, இதயம் ஆகியவை தோன்றுகின்றன. குடல், கல்லீரல், நுரையீரல் போன்றவற்றுக்கு அக அடுக்கு அடிப்படையாகிறது. நான்காம் வாரத்தில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. அவ்வாரம் முடியும் தறுவாயில் கைகளும் கால்களும் சிறு மொட்டுகளாக அரும்புகின்றன. எட்டாம் வாரத்தின் இறுதியில் கருவின் நீளம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர்தான். ஆயினும், அதற்குள் முக்கிய உறுப்புகள் அனைத்துக்கும் அடித்தளம் இடப்பட்டுவிடுகிறது.

ஒவ்வோர் உறுப்பும் உருவாவதற்கு உரிய காலம் ஒன்று உண்டு. அக்காலத்தில் தீங்கு நேர்ந்தால், அந்த உறுப்பு முழுமையாக வளராமல் போகலாம். பெண் ஒருவர் தாம் கருவுற்றிருப்பதை அறியாத நாள்களும் இக்காலத்தில் அடங்கும். இதனால்தான் கருவியல் மாணவர்கள் கருவின் வளர்ச்சியை நாள் கணக்கில் கற்கின்றனர்.

1957ஆம் ஆண்டில் தாலிடோமைடு மேற்கு ஜெர்மனியில் தூக்க மாத்திரையாக விற்பனைக்கு வந்தது. மசக்கையால் ஏற்படும் குமட்டலைத் தணிக்கவும் பலர் அதை உட்கொண்டனர். தாய் உண்ணும் மருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவைப் பாதிக்காது என்று அக்காலத்தில் மருத்துவர்கள் பலர் நம்பினர். எனவே, அம்மருந்து கருவை எவ்வாறு பாதிக்கும் என்பது முறையாகச் சோதிக்கப்படவில்லை. பாதுகாப்பான மருந்து என்று விளம்பரம் மட்டும் செய்யப்பட்டது.

விளைவு கொடுமையாக இருந்தது. கருவுற்ற 20ஆம் நாளுக்கும் 36ஆம் நாளுக்கும் இடையில் இம்மாத்திரையை உட்கொண்ட பெண்கள் பலருக்குக் கை கால்கள் முழுமையாக வளராத குழந்தைகள் பிறந்தன. உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். 1961ஆம் ஆண்டில் ஜெர்மனியில் விடுகிண்ட் லென்ஸ், ஆஸ்திரேலியாவில் வில்லியம் மெக்பிரைட் ஆகிய மருத்துவர்கள் இதனைக் கண்டறிந்து எச்சரித்தனர். அவ்வாண்டு நவம்பரில் மேற்கு ஜெர்மனியில் மருந்தின் விற்பனை நிறுத்தப்பட்டது.

அமெரிக்காவில் அக்காலத்தில் இம்மருந்து விற்பனைக்கு வரவில்லை. அதற்குக் காரணம் பிரான்சிஸ் கெல்சி என்னும் மருத்துவர். அவர் 1960ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அந்நாட்டின் உணவு, மருந்து நிருவாகத்தில் பணியில் சேர்ந்தார். அடுத்த மாதமே தாலிடோமைடு தொடர்பான விண்ணப்பம் அவரிடம் வந்தது. சில மருந்துகள் நஞ்சுக்கொடியைக் கடந்து செல்லும் என்பதைத் தம் முந்தைய ஆய்வின்வழி அவர் அறிந்திருந்தார். 60 நாள்களுக்குள் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் மருந்துக்கு ஒப்புதல் கிடைத்துவிடும் என்பது அன்றைய விதி. நிறுவனம் எவ்வளவோ நெருக்கியும் அவர் இணங்கவில்லை. ஒவ்வொரு முறையும், “சான்றுகள் போதவில்லை” என்று கூறி விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினார்.

எனினும், சோதனை என்னும் பெயரில் அந்நாட்டில் 1,000க்கும் மேற்பட்ட மருத்துவர்களிடம் மாத்திரைகள் முன்னரே கொடுக்கப்பட்டிருந்தன. தாங்கள் உட்கொள்வது சோதனை நிலையில் உள்ள மருந்து என்பது நோயாளிகள் பலருக்குத் தெரியாது. அங்கும் சில குழந்தைகள் பாதிப்புடன் பிறந்தன. இதன் பின்னர், 1962ஆம் ஆண்டில் புதிய சட்டம் இயற்றப்பட்டது. மருந்து பயனளிக்கும் என்பதற்கு நிறுவனங்கள் தக்க சான்று காட்ட வேண்டும் என்றும் சோதனையில் பங்கேற்போரின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்றும் அச்சட்டம் வலியுறுத்தியது.

நோயாளியின் விருப்பத்தை மதித்தல், நன்மை செய்தல், தீங்கு செய்யாதிருத்தல், நீதியுடன் நடத்தல் ஆகிய நான்கும் இன்றைய மருத்துவ அறநெறியின் அடிப்படைகளாகக் கற்பிக்கப்படுகின்றன. தாலிடோமைடு நிகழ்வில் இவை எவ்வாறு மீறப்பட்டன என்பதை மாணவர்கள் எளிதில் உணரலாம். உண்மையை மறைத்ததால் பெண்கள் தாமே முடிவெடுக்கும் உரிமையை இழந்தனர். சோதிக்காமல் விற்றதால் குழந்தைகளுக்குத் தீங்கு நேர்ந்தது.

தாலிடோமைடு இன்றும் பயன்பாட்டில் உள்ளது. தொழுநோயின் ஒருவகைச் சிக்கலுக்கும் எலும்பு மச்சையில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய்க்கும் அது மருந்தாகிறது. ஆனால், கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்ணுக்கு அதைக் கொடுப்பதற்கு முன்பு மருத்துவர் அதன் ஆபத்தை முழுமையாக விளக்க வேண்டும். அவர் கருவுற்றிருக்கவில்லை என்பதையும் சோதித்து உறுதிசெய்ய வேண்டும். அந்தச் சோதனை ஏன் தேவை என்பதற்கான விடையைக் கருவியல் தருகிறது. அந்த விளக்கத்தை ஏன் மறைக்கக்கூடாது என்பதற்கான விடையை அறநெறி தருகிறது. நல்ல மருத்துவருக்கு இரண்டும் வேண்டும்.