புது டயர் வாங்கும் முன் பழைய டயரைப் படியுங்கள்

கொல்லிமலையில் முன் டயர் தேய்ந்தால் எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: ரோடு. காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். மிளகு, வாழை, பலா என்று பலவும் அந்த வழியாக இறங்குகின்றன. "மலை ரோட்டில் டயர் தேயத்தான் செய்யும்" என்று புது ஜோடி வாங்கி மாட்டிவிடுகிறார்கள். சில மாதங்களில் அதே இடத்தில் அதே தேய்மானம் வந்து நிற்கிறது.

பல வருடம் ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் ஓட்டியவன் என்ற முறையில் நான் உறுதியாகச் சொல்வேன்: ரோடு இரண்டு முன் டயரையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தின்னும். ஒரு டயர் மட்டும் தேய்ந்தாலோ, உள் ஓரம் மட்டும் மொழுமொழுவென்று ஆனாலோ, கோளாறு வண்டியில் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதையும் அந்த டயரே சொல்லும்.

தேய்மானத்தை எப்படிப் பார்ப்பது?

பிக்கப்பில் முன் டயரின் உள் ஓரம் நின்ற நிலையில் கண்ணில் படாது. வெளியே பட்டன் நன்றாகத் தெரியும். உள்ளே கம்பி தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருக்கும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்துவிட்டு இறங்கிப் பாருங்கள். பிறகு மறுபக்கம் ஒடித்துப் பாருங்கள். உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்திலும் பட்டன் ஆழத்தை அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பட்டன் இடுக்கில் இருக்கும் சிறு மேடு 1.6 மில்லிமீட்டர். ஓரத்தில் ஓரிடத்தில் அதைத் தொட்டுவிட்டாலே அந்த டயரை மலை இறக்கத்துக்குக் கொண்டு போகக் கூடாது. நடுவில் எவ்வளவு பட்டன் மிச்சம் இருந்தாலும் சரி.

நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். உள், வெளி இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மேடாக நின்றால் காற்று குறைவு. இரண்டு முன் டயரிலும் வெளி ஓரம் மட்டும் உருண்டையாகத் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் அது கொண்டை ஊசி வளைவுகளின் வேலை. காற்றைச் சரியாக வைத்து, 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டால் அது கட்டுப்படும். அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரையும் வீல் பேலன்ஸையும் பாருங்கள்.

ஓரத் தேய்மானத்தில் கண்ணைவிடக் கைதான் நல்ல கருவி. பட்டன்களின் குறுக்கே உள்ளங்கையை மெதுவாகத் தடவுங்கள். கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் மட்டும் தொடாதீர்கள். வெளியிலிருந்து உள்ளே தடவும்போது வழுவழுப்பாகவும், உள்ளிருந்து வெளியே இழுக்கும்போது ரம்பம் போலவும் உறுத்தினால் டோ-இன் அதிகம். சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கிறது. அதற்கு நேர்மாறாக உறுத்தினால் டோ-அவுட். எந்தப் பக்கம் தடவினாலும் உறுத்தாமல் ஒரு ஓரம் மட்டும் சீராகச் சரிந்திருந்தால் கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்மானம், சரியில்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. நேராக ஓடும்போது டோ கோளாறை இரண்டு முன் சக்கரமும் பங்கிட்டுக்கொள்ளும். அதனால் இரண்டு டயரிலும் அந்த ரம்பம் தெரியும். கேம்பர் கோளாறு எந்தச் சக்கரத்தில் இருக்கிறதோ அந்த டயரோடு நின்றுவிடும்.

என் வண்டியில் நடந்தது

என் வண்டியில் இடது முன் டயரின் உள் ஓரம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. வண்டி ஒரு பக்கம் இழுக்கவில்லை, ஸ்டீயரிங் நடுங்கவும் இல்லை. ஒரு கடையில் அலைன்மெண்ட் செய்தார்கள். மெஷினில் அளவுகள் பச்சையில் வந்தன. ஆனால் தேய்மானம் நிற்கவில்லை.

நாமக்கல்லில் லாரி வேலை பழகிய ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. டயரைத் தடவிப் பார்த்தார். "ரம்பம் இல்லீங்ணா, சாஞ்சுதான் தேஞ்சிருக்குது. ஒரு சக்கரத்துல மட்டுந்தான் இருக்குது. டோவத் தொட வேண்டாம், கீழ பார்ப்போம்" என்றார். ஜாக்கி போட்டுத் தூக்கி, கடப்பாரையால் சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்மை நெம்பினார். அதன் புஷ் ரப்பர் கிழிந்து, ஆர்ம் முன்னும் பின்னும் நகர்ந்தது. வண்டி அசையாமல் நிற்கும்போது ஆர்ம் ஏறக்குறைய தன் இடத்தில் இருந்தது. அதனால் மெஷினில் அளவு சரியாக வந்தது. இறக்கத்தில் பிரேக் பிடித்து, வளைவில் பாரம் ஏறியதும் ஆர்ம் நகர்ந்து சக்கரம் சாய்ந்தது. தார் உடைந்த ரோட்டோரத்தில் அடிக்கடி இறங்கி ஏறுவது இடது சக்கரம்தான் என்பதால், அந்தப் பக்கத்துப் புஷ் முதலில் போனது. புஷ் மாற்றி, அதன் பிறகு அலைன்மெண்ட் செய்ததும் அந்தத் தேய்மானம் நின்றது.

வரிசை மாறக் கூடாது

அலைன்மெண்ட் என்பது கடைசி வேலை. முதலில் காற்று. ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவைப் பாருங்கள். வெற்று வண்டிக்கும் பாரத்துக்கும் அளவு வேறு. வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். மலை இறங்கி வந்ததும் சூட்டில் ஏறியிருக்கும் காற்றைப் பிடுங்கிவிடாதீர்கள்.

இரண்டாவது ஆட்டம். பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் அசைகிறதா? பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினால் அசைகிறதா? டை ராட் எண்ட் அல்லது ரேக் எண்ட். புஷ் கிழிசல் கையால் ஆட்டினால் தெரியாது; நெம்பித்தான் பார்க்க வேண்டும். ஆட்டம் இருக்கும் வண்டிக்கு அலைன்மெண்ட் செய்வது காசை வீணடிப்பது.

மூன்றாவதாக அலைன்மெண்ட். செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளைத் தாளில் கேட்டு வாங்குங்கள். பல இடங்களில் டோவை மட்டும் சரிசெய்து அனுப்பிவிடுவார்கள். பல பிக்கப்களில் கீழ் ஆர்ம் போல்ட்டில் உள்ள கேம் மூலம் கேம்பரையும் காஸ்டரையும் (ஸ்டீயரிங் அச்சின் முன்-பின் சாய்மானம்) திருத்தலாம்; அது துருப்பிடித்து இறுகியிருந்தால் கழற்றிச் சரிசெய்யச் சொல்லிக் கேளுங்கள். சஸ்பென்ஷனை உயர்த்தினால் இந்தக் கோணங்கள் எல்லாம் மாறும் என்பதால் உடனே அலைன்மெண்ட் பார்க்க வேண்டும். கொஞ்சம்தானே என்று டோவை விடவும் கூடாது. ஒரு சக்கரம் 0.2 டிகிரி திரும்பியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் சுமார் மூன்றரை மீட்டர் பக்கவாட்டில் உரசுகிறது என்று கணக்கு.

ஃபோர் வீலை எங்கே போடுவது?

முன் டயரைத் தேய்க்க இன்னொரு வழியும் உண்டு: தவறான இடத்தில் ஃபோர் வீல் போடுவது. நம் ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்களில் பெரும்பாலானவை பார்ட் டைம் வகை. நடுவில் டிஃபரன்ஷியல் இல்லை. ஃபோர் ஹையில் (4H) முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போகின்றன. சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க முடியாது. ஸ்டீயரிங் கட்டிப் பிடிக்கும், முன் டயர் உரசிக்கொண்டே திரும்பும், கியர் பெட்டியும் சேர்ந்து திணறும். தோட்டத்துச் சேற்றைத் தாண்டித் தார் ரோட்டைத் தொட்டதும் டூ ஹைக்கு (2H) மாற்றிவிடுங்கள்.

இதே காரணத்தால் நான்கு டயரும் ஒரே அளவாக, பட்டன் ஆழத்தில் நெருக்கமாக இருக்க வேண்டும். முன்னால் புது ஜோடி, பின்னால் மொட்டை டயர் என்று ஓட்டினால் ஃபோர் வீல் போடும் ஒவ்வொரு முறையும் இரண்டு ஆக்சிலும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

டயர் விலை ஒரு பக்கம் இருக்கட்டும். மிளகு மூட்டையோடும் ஆட்களோடும் இறங்கும் வண்டியில், பிரேக் பிடிக்கும் நேரத்தில் பாரத்தைத் தாங்குவது முன் டயர்கள். அதனால் கழற்றிய டயரைக் கடையில் போட்டுவிட்டு வராதீர்கள். மூன்று இடத்து ஆழத்தையும் எழுதிக்கொண்டு, காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள். புது டயர் அதற்குப் பிறகு ஏறட்டும்.