என் பல்லும் ஒரு சிமெண்டு மூட்டையும்

ஒரு முறுக்கினால் எங்க அம்மாவின் ஒரு நாள் கூலி போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் கடைவாய்ப் பல்லில் சொத்தை. டாக்டரம்மா கிளாஸ் அயனோமர் என்ற வெள்ளை சிமெண்டை வைத்து அடைத்தார். "நாளைக்கு வரைக்கும் அந்தப் பக்கம் கடிக்காதே" என்றார். நான் சாயங்காலமே முறுக்கு தின்றேன். நறுக்! ஓரம் பெயர்ந்து வந்துவிட்டது. மறுபடி கூட்டிப் போக அம்மா களையெடுப்பை விட்டுவிட்டு வந்தார். வழியெல்லாம் பேசவே இல்லை. பல்லையே பிடுங்கிவிடுவார்களோ என்று எனக்குப் பயம்.

"கல்லு மாதிரி இருந்துச்சே, ஏன் உடைஞ்சுது?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அது முழுசாக இறுக ஒரு நாள் ஆகுமாம். அது மட்டும் காரணம் இல்லை. பெரியவர்கள் பலமாகக் கடித்தால் கடைவாய்ப் பல்லில் 500 நியூட்டன் விசைகூட விழும். ஏறக்குறைய 50 கிலோ, ஒரு சிமெண்டு மூட்டை! அழுத்தம் என்பது விசை வகுத்தல் பரப்பு என்று படித்தோமே. முறுக்கின் முனை எவ்வளவு சிறியது, யோசித்துப் பாருங்கள்.

ஒரு சாக்பீஸை நிறுத்திவைத்து மேலே மெதுவாக நோட்டுகளை அடுக்குங்கள். தாங்கும். அதையே இரண்டு புத்தகங்களுக்கு நடுவே பாலம் போல வைத்து விரலால் அமுக்குங்கள். பட்டென்று உடையும். வளையும்போது மேல்பக்கம் அமுங்குகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. சாக்பீஸ் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. என் சிமெண்டும் அதே ஜாதிதான். (சாக்பீஸ் காணோம் என்று தேடிய ஆசிரியை மன்னிக்கவும்.)

எனாமலில் 96 சதவீதம் தாது உப்பு. நம் உடம்பிலேயே கடினமானது அதுதான். ஆனாலும் தனியாக இருந்தால் நொறுங்கும். அடியில் இருக்கும் டென்டின் கொஞ்சம் வளைந்துகொடுத்துத் தாங்குகிறது. சொத்தை இந்த டென்டினையும் தின்றுவிடுகிறது.

பாதரசமும் வெள்ளியும் கலந்த அமால்கம் பலமானது, ஆனால் பல்லோடு ஒட்டாது. அதனால் குழியைப் பானை மாதிரி வாய் குறுகலாக, அடி அகலமாகக் குடைந்து அடைப்பார்கள். மெல்லிசாக வைத்தால் அதுவும் விரிசல் விடும். பாதரசம் விஷம் என்பதால் 2013-இல் போட்ட மினமாட்டா உடன்படிக்கைக்குப் பிறகு உலகத்தில் அதைக் குறைத்து வருகிறார்கள்.

எனக்கு இரண்டாம் முறை வைத்தது காம்போசிட். பிளாஸ்டிக் பசையில் கண்ணாடித் தூள் கலந்தது. பல்லுக்கு ஒரு திரவம் தடவி ஒட்டவைப்பதால் குழியின் சுவர்களும் சேர்ந்து பாரம் சுமக்கும். இதிலும் ஒரு குறை, இறுகும்போது 2, 3 சதவீதம் சுருங்கும். மொத்தமாக அடைத்தால் ஓரத்தில் இடைவெளி விழுந்துவிடும் என்று கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, ஒவ்வொரு தடவையும் நீல விளக்கு காட்டினார்.

கடைசியில் ஒரு நீலத் தாளைக் கடிக்கச் சொன்னார். அடைத்த இடத்தில் ஒரே ஒரு பெரிய நீலப் புள்ளி. "பாரு, இங்க மேடா இருக்கு. மூட்டை மொத்தமும் இதுமேலதான் விழும்" என்று தேய்த்துவிட்டார். மறுபடி கடித்தபோது எல்லாப் பற்களிலும் சின்னச் சின்னப் புள்ளிகள்.

அப்போதுதான் அம்மா முதல் வார்த்தை பேசினார். "முறுக்கு எப்ப திங்கலாம்னு அதையும் கேட்டுக்கோ."

— ஒன்பதாம் வகுப்பு மாணவி